தருமபுரியில் 25 லட்சம் இல்லாமல் வீடு கட்ட முடியாதா? 700 சதுர அடி கேட்டால் ஏன் யாரும் மதிப்பதில்லை?

நல்லம்பள்ளிக்காரன்

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சமீபத்தில் வீடு கட்டியவர்களும் கட்டிக் கொடுப்பவர்களும் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நல்லம்பள்ளி அருகே தாத்தா வழியில் வந்த 3 சென்ட் இடம் இருக்கிறது. அதனால் மனைச் செலவு இல்லை. நானும் மனைவியும் சேர்ந்து மாதம் 42,000 சம்பாதிக்கிறோம். பிள்ளைகள் இருவர். கையில் 5.5 லட்சம் இருக்கிறது. எங்களுக்குத் தேவை ஒரு ஹால், இரண்டு அறை, சமையலறை, நல்ல கழிப்பறையும் குளியலறையும்.

விசாரித்த ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வரைபடத்தைத்தான் நீட்டுகிறார்கள். 1,150 சதுர அடி, முன்னால் போர்டிகோ (எங்களிடம் கார் இல்லை), சிட் அவுட், வீட்டுக்குள்ளேயே மாடிப்படி, மேலே ஹெட்ரூம் (மாடிப்படியை மூடும் சிறு கூரை), இரண்டு அறைக்கும் அட்டாச்டு பாத்ரூம், தனிப் பூஜை அறை. சதுர அடிக்கு 2,200 வீதம் 25.3 லட்சம் வருகிறது. "இதெல்லாம் வேண்டாம், 700 சதுர அடியில் கொடுங்கள்" என்றால் முகம் மாறிவிடுகிறது. "அப்புறம் விற்க முடியாது சார்", "பொண்ணுக்கு வரன் பார்க்கும்போது தெரியும்" என்கிறார்கள். என் மகளுக்கு வயது ஆறு.

அப்பா 1989ல் கட்டிய வீடு 380 சதுர அடி, ஓட்டு வீடு. ஏழு பேர் அதில் வாழ்ந்தோம். அதே போல வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த 25 லட்சத்தில் உண்மையான விலை ஏற்றம் எவ்வளவு, நாம் கேட்டுக் கேட்டு ஏற்றிக்கொண்டது எவ்வளவு என்று யாராவது பிரித்துச் சொல்ல முடியுமா?

அரூர் ஆசிரியர்

நல்ல கேள்வி தம்பி. என் அனுபவத்தில் முக்கால் பங்கு ஆடம்பரம்தான். பக்கத்து வீட்டில் போர்டிகோ இருந்தால் நமக்கும் வேண்டும், அவர்கள் முகப்பில் டைல்ஸ் ஒட்டினால் நாம் கிரானைட் ஒட்ட வேண்டும். எங்கள் தலைமுறை ஒரு அறையில் படித்துத்தான் வேலைக்கு வந்தது.

கிருஷ்ணகிரி பொறியாளர்

முக்கால் பங்கு என்று சொல்லிவிட முடியாது ஐயா. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் விலை. கொத்தனார் நாள் கூலி ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, அதுவும் ஆள் கிடைத்தால். 2025 ஏப்ரலில் தமிழக அரசு கனிமம் உள்ள நிலங்களுக்கான வரியைக் கொண்டுவந்ததும் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது முடிந்தபோது எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ஜல்லி விலை கூடியிருந்தது. கிருஷ்ணகிரி முழுக்கக் குவாரி, ஆனாலும் நமக்கும் அதே விலைதான். மறுபக்கம் 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனாலும் மொத்தத்தில் பொருளும் கூலியும் ஏறியது உண்மை, அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

இப்போது அளவு. உங்கள் 1,150ல் போர்டிகோ 140, சிட் அவுட் 60, உள்மாடிப்படியும் ஹெட்ரூமும் 120, இரண்டாவது பாத்ரூம் 40, பூஜை அறை 30 என்று வைத்துக்கொண்டால் 390 சதுர அடி போய்விடும். மிச்சம் 760. நீங்கள் கேட்ட எல்லாமே அதில் அடங்கும். அடுத்து தரம். அந்த 2,200 என்ற விலையில் தேக்கு நிலை, பெரிய வெட்ரிஃபைட் டைல்ஸ், எலிவேஷன் (முகப்பு அலங்காரம்), ஹாலுக்கு பால்ஸ் சீலிங் எல்லாம் சேர்த்திருப்பார்கள். தலைவாசலுக்கு மட்டும் தேக்கு, மற்றதற்கு வேம்பு அல்லது இரும்பு நிலை, சாதாரண டைல்ஸ் என்று போனால் சதுர அடிக்கு 1,900 ஆகும். 760ஐ 1,900ஆல் பெருக்கினால் 14.4 லட்சம். அதாவது உங்கள் 25 லட்சத்தில் ஏறத்தாழ 11 லட்சம், நீங்கள் கேட்காததற்கான விலை.

பென்னாகரம் மேஸ்திரி

சார் சொல்வதில் ஒரு திருத்தம். 760 சதுர அடி வீட்டை 1,900க்கு யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டில் அதிகம் பணம் விழுங்கும் இடம் பாத்ரூமும் சமையல்கட்டும். பைப், டைல்ஸ், வாட்டர் புரூஃப், மேடை, வயரிங் எல்லாம் அங்கேதான் குவியும். போர்டிகோவும் பெரிய ஹாலும் மலிவான இடம், நாலு தூண், மேலே கான்கிரீட், முடிந்தது. பெரிய வீட்டில் இந்த மலிவான இடம் நிறைய இருப்பதால் சராசரி இறங்கிவிடும். வீடு சிறுக்கச் சிறுக்கச் சதுர அடி ரேட் ஏறும். செண்ட்ரிங் காரருக்கும் (தளம் வார்க்கப் பலகை, முட்டு அடிப்பவர்) 700க்கு வந்தாலும் 1,200க்கு வந்தாலும் வண்டி வாடகை ஒன்றுதான்.

அதனால் 2,050 என்று வைத்துக்கொள்ளுங்கள். 760க்கு 15.6 லட்சம். சிறிய வீட்டை ஒப்பந்ததாரர்கள் தட்டிக்கழிப்பதற்கும் இதுவே காரணம். அவருக்கு ஒரே அலைச்சல், லாபம் மட்டும் பாதி.

கிருஷ்ணகிரி பொறியாளர்

சரியாகச் சொன்னீர்கள் மேஸ்திரி. 2,050 என்பதே நடைமுறைக்கு ஒத்து வரும். 15.6 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம்.

வங்கிப் பணியாளர்

அப்படியானால் கடன் கணக்கையும் போட்டுவிடுகிறேன். வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

25.3 லட்சம் வீட்டுக்கு உங்கள் கைப்பணம் போக 20 லட்சம் கடன். 20 வருடம். மாதத் தவணை 17,356. மொத்தம் கட்டுவது 41.65 லட்சம், அதில் வட்டி மட்டும் 21.65 லட்சம்.

15.6 லட்சம் வீட்டுக்கு 10 லட்சம் கடன் போதும். 15 வருடத்தில் முடிக்கலாம். தவணை 9,847. மொத்தம் 17.72 லட்சம், வட்டி 7.72 லட்சம்.

முதல் கணக்கில் உங்கள் குடும்ப வருமானத்தில் 41 சதவீதம் தவணைக்கே போகிறது. பல வங்கிகள் இதற்கு மறுப்புச் சொல்லாது. 50 சதவீதம் வரைகூடக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வங்கி கொடுக்கிறது என்பதால் நமக்குத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. உங்கள் மனைவிக்கு ஒரு வருடம் வேலை இல்லாமல் போனால் 17 ஆயிரத்தை எப்படிக் கட்டுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் (2024) வட்டி மானியம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம். உங்கள் மனை நகர எல்லைக்குள் அல்லது அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். உங்கள், மனைவி, பிள்ளைகள் பெயரில் வேறு பக்கா வீடு இருக்கக் கூடாது. மானியம் முதல் 8 லட்சத்துக்குத்தான் என்பதால் கடன் பெரிதானால் மானியமும் பெருகும் என்று நினைக்க வேண்டாம்.

பர்கூர் மருமகள்

எல்லோரும் கணக்குப் போட்டாயிற்று, ஒரு பெண்ணாக நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. "ஏழு பேர் 380 சதுர அடியில் வாழ்ந்தோம்", "ஒரு அறையில் படித்து வேலைக்கு வந்தோம்" என்று ஆண்கள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வீடுகளில் கழிப்பறை எங்கே இருந்தது? என் அம்மாவும் பாட்டியும் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை என்று கட்டுப்படுத்திக்கொண்டு வாழ்ந்தார்கள். மழைக்காலத்தில் மாந்தோப்புப் பக்கம் போய்ப் பாம்புக்குப் பயந்து திரும்பி வந்தவர்கள். தண்ணீர் குறைவாகக் குடித்துக் குடித்து வந்த வியாதிகளை எந்தக் கணக்கில் எழுதுவது? பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள் ஆனவள் உடை மாற்ற ஒரு மூலை இல்லாமல் புடவையைக் கட்டி மறைத்துக்கொண்ட வீடுகள் அவை.

அட்டாச்டு பாத்ரூமை நீங்கள் ஆடம்பரக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். என் மாமியாருக்கு முழங்கால் வலி. இரவில் எழுந்து நாலு எட்டில் போய் வருகிறார். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் அவரால் உட்கார்ந்து எழவே முடியாது. கதவைத் தாழ்போட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறை, ஜன்னல் வழியாகப் புகை போகிற சமையல்கட்டு, வீட்டுக்குள் தண்ணீர் வரும் குழாய். எதிர்பார்ப்பு கூடியது என்று சொன்னால் முதலில் கூடியது இவைதான். எங்களைப் பொறுத்தவரை இவை இல்லாவிட்டால் அது வீடே இல்லை.

எனவே குறைக்கச் சொல்லும்போது எதைக் குறைக்கிறீர்கள் என்று பாருங்கள். அண்ணா, உங்கள் வரைபடத்தில் போர்டிகோவை எடுங்கள், எலிவேஷனை எடுங்கள், பால்ஸ் சீலிங்கை எடுங்கள். சமையலறையில் கை வைக்காதீர்கள். அங்கே நாள் முழுக்க நிற்பது உங்கள் மனைவி.

நல்லம்பள்ளிக்காரன்

அக்கா, நீங்கள் சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவளும் இதையேதான் சொன்னாள். சமையலறை 8க்கு 10 என்று இருந்ததை 9க்கு 11 ஆக்கச் சொல்லியிருக்கிறோம்.

அரூர் ஆசிரியர்

தங்கை சொன்னது நியாயம். கழிப்பறையை நான் ஆடம்பரம் என்று எண்ணியதில்லை, முகப்பு அலங்காரத்தைத்தான் சொன்னேன். ஆனாலும் படிப்படியாக வந்த மாற்றத்தை அரசுத் திட்டங்களிலேயே பார்க்கலாம். இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் குறைந்தபட்சம் 20 சதுர மீட்டர். 2016ல் பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் வந்தபோது அது 25 ஆனது. 2011ல் முதலமைச்சரின் பசுமை வீடு 300 சதுர அடி. 2024ல் வந்த கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். ஏழைக்கு இதற்குக் குறைந்து ஒரு வீடு கூடாது என்று அரசு வைத்திருக்கும் அளவே கூடிக்கொண்டு வருகிறது. இது வரவேற்க வேண்டியதுதான்.

பாலக்கோடு கிராமத்தான்

அந்த 3.50 லட்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊராட்சியில் கண்ணால் பார்த்தது. 360 சதுர அடி என்று ஆணை வரும். பயனாளி வீட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பையனுக்கும் ஒரு ரூம் சேர்த்துப் போட்டுவிடலாம்" என்பார்கள். 600 சதுர அடிக்குக் கடக்கால் (அஸ்திவாரம்) விழும். அரசுப் பணம் கட்டுமான நிலையைப் பார்த்துத் தவணை தவணையாகத்தான் வரும். பெரிதாகப் போட்டதால் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) மட்டம் வருவதற்குள் கைப்பணம் தீர்ந்துவிடும். அடுத்த தவணை வாங்கக் கூரை போட வேண்டும். கூரை போட நகையை அடகு வைப்பார்கள், மகளிர் குழுக் கடன் வாங்குவார்கள். கடைசியில் பூசாத சுவர், கதவு இல்லாத அறை, மாதா மாதம் வட்டி. சரியாக 360ல் கட்டியவர்கள் குடிபோய்விட்டார்கள்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. பையனுக்கு அறை வேண்டும் என்பது தவறான ஆசை இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் அவர்களைச் சாய்க்கிறது.

ஓசூர் வாடகைக் குடும்பம்

சொந்தமாகக் கட்டுபவர்கள் பற்றியே பேச்சு போகிறது. வாடகைக்கு இருப்பவர்களையும் கொஞ்சம் பாருங்கள்.

நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஊத்தங்கரையிலிருந்து இங்கே வந்தபோது லைன் வீட்டில் இருந்தோம். ஒரு வரிசையில் ஐந்தாறு போர்ஷன், ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும், பின்பக்கம் பொதுக் கழிப்பறை. வசதி குறைவுதான், ஆனால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வாடகை. அந்த வரிசையை இடித்துவிட்டு இப்போது லிஃப்ட் வைத்த இரண்டு பெட்ரூம் வீடுகள் கட்டியிருக்கிறார்கள். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், அங்கே வேலை செய்கிறவர்கள் இங்கே குடியிருக்க வருகிறார்கள். அட்வான்ஸும் பெங்களூரு வழக்கப்படி கேட்கிறார்கள். எங்கள் மாதிரி ஆட்களுக்கு அந்த வீட்டின் இரண்டாவது அறையும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம். ஆனால் அதில்லாத வீடு சந்தையில் இல்லை. இப்போது இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரு இரண்டு பெட்ரூம் வீட்டை எடுத்திருக்கிறோம். குடும்பத்துக்கு ஒரு அறை, ஹால் பொது, பாத்ரூம் பொது. லைன் வீட்டில் இருந்த தனிமைகூட இதில் கிடையாது.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியவில்லை. மனை விலை இந்த அளவுக்குப் போன பிறகு அதில் லைன் வீடு கட்டினால் அவருக்குக் கட்டுப்படியாகாது. பெரிய வீட்டில் இருக்க வசதி உள்ளவர்கள் இருக்கட்டும், எனக்கு அதில் வருத்தமே இல்லை. என் அளவுக்கு ஒரு வீடு கட்ட ஆளில்லாமல் போனதுதான் வருத்தம்.

கிருஷ்ணகிரி பொறியாளர்

நீங்கள் கடைசியில் சொன்னதுதான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். பெரிய வீடு கட்டுபவர் தன் பணத்தில் கட்டுகிறார், அது அவர் உரிமை. ஆனால் ஊரில் எல்லோரும் 1,200 சதுர அடியையே ஆரம்பம் என்று எடுத்துக்கொள்ளும்போது மனையும் அந்த அளவுக்கே பிரிக்கப்படுகிறது, ஒப்பந்ததாரரும் அதற்கே வரைபடம் வைத்திருக்கிறார், மதிப்பீட்டாளரும் அதற்கே நல்ல விலை போடுகிறார். 600, 700ல் தொடங்க வேண்டியவருக்கு ஏணியின் முதல் படியே இல்லாமல் போகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் 1973ல் புதிதாகக் கட்டிய தனி வீட்டின் சராசரி அளவு 1,660 சதுர அடி, 2015ல் 2,687. அதே காலத்தில் ஒரு குடும்பத்தின் சராசரி ஆள் எண்ணிக்கை 3லிருந்து 2.5 ஆகக் குறைந்தது. ஆட்கள் குறைய வீடு பெருத்தது. முதல் வீடு வாங்கும் இளைஞர்களுக்கு ஏற்ற சிறிய வீடுகளை அங்கேயும் கட்டுவது அரிதாகிவிட்டது. ஆனால் அங்கே விலை ஏறியதற்கு நிலமும் மனை விதிகளும் பெரிய காரணம், அளவு மட்டும் இல்லை. இங்கேயும் நிலத்தை மறந்துவிடக் கூடாது. நல்லம்பள்ளி நண்பருக்கு மனை இலவசமாக வந்தது பெரிய அதிர்ஷ்டம்.

காவேரிப்பட்டினம்

மனை இல்லாதவன் கதையை நான் சொல்கிறேன். 1,200 சதுர அடி மனையைத் தவிர வேறு யாரும் காட்டுவதில்லை. 12 லட்சம் என்றார்கள். 9 சதவீதம் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும், அதுவே ஒரு லட்சத்துக்கு மேல். இந்தப் பதிவுச் செலவுக்கு வங்கி கடன் தராது என்றார்கள். அரை மனை, 600 சதுர அடி கேட்டால் பிரித்துத் தர முடியாது என்கிறார்கள்.

அங்கீகாரம் இல்லாத மனையில் மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவர் ஆசை காட்டினார். 2016ல் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது எங்கள் உறவினர்கள் பட்ட பாடு தெரியும், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. சாலை, பூங்கா இடமெல்லாம் விட்ட, டி.டி.சி.பி. (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகரித்த மனைக்கு விலை கூடத்தான் செய்யும். அது எனக்கு வேண்டிய செலவு. மனையின் அளவுதான் எனக்கு வேண்டாத செலவு.

கல்யாண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடங்களில் வேலையைக் கேட்ட கையோடு "சொந்த வீடா, மாடி வீடா, பையனுக்குத் தனி ரூம் இருக்கா" என்று கேட்கிறார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன், பெற்ற பெண்ணை அனுப்புகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் 28 வயதில் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டுமென்றால் அப்பாதான் கடனாளி ஆக வேண்டும்.

பர்கூர் மருமகள்

தம்பி, தனி ரூம் கேட்கிற அம்மாக்கள் மாடி கேட்கவில்லை. தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவைக் கேட்கிறார்கள். அதை 700 சதுர அடியிலும் கொடுக்கலாம். மாடி வீடா என்று கேட்பவர்கள் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்காகக் கேட்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

பென்னாகரம் மேஸ்திரி

இந்தப் பழக்கங்கள் ஊருக்குள் எப்படி வந்தன என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் வழியாகத்தான் வந்தன. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து கொத்து வேலை, டைல்ஸ், பெயின்டிங் என்று பெங்களூருக்குப் போகாத குடும்பம் குறைவு. ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபூரிலும் நாங்கள் கட்டாத அடுக்குமாடி இல்லை. வருடம் முழுக்க அந்த ஹாலில் பால்ஸ் சீலிங் போட்டு, அந்தப் பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டி, ராத்திரி தகரக் கொட்டகையில் படுக்கிறோம். பொங்கலுக்கு ஊருக்கு வந்து சொந்த வீடு கட்டும்போது அதே டைல்ஸைத்தான் மனசு கேட்கும். அடுத்தவனுக்குப் போட்டதை என் பிள்ளைகளுக்கு ஏன் போடக் கூடாது? அந்த ஆசையை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல நான் விட மாட்டேன்.

ஆனால் ஒன்று பார்க்கிறேன். எங்கள் அப்பா காலத்தில் வீடு வளர்ந்தது. முதலில் ஒரு அறையும் தாழ்வாரமும். ராகி நல்லா விளைந்த வருடம் ஒரு அறை சேரும். பெரியவனுக்குக் கல்யாணம் வந்தால் பக்கத்தில் இன்னொன்று இழுப்பார்கள். மண் சுவர், நாட்டு ஓடு, எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் கல்பலகை போட்ட வீடுகளும் அப்படித்தான், பலகை பலகையாக நீட்டியவை. கடன் என்று பெரிதாக இருக்காது. இப்போது கான்கிரீட் தளம் ஒரே நாளில் போட வேண்டும், வங்கியும் முழு வீட்டுக்குத்தான் கடன் கொடுக்கும், கிரகப்பிரவேசத்துக்கு ஊரே வந்து பார்க்கும். ஐம்பது வயதில் தேவைப்படும் வீட்டை முப்பது வயதில் கட்டச் சொல்கிறார்கள். அதுதான் ஆளை அமுக்குகிறது.

இன்னொன்று, கான்கிரீட் மட்டமான கூரை நம் வெயிலுக்கு நல்லதே இல்லை. ஏப்ரல், மே மாதம் தருமபுரியில் இரவு பத்து மணிக்கும் தளம் அனல் வீசும். அப்புறம் ஏ.சி. வேண்டும், அதற்கு மின்கட்டணம். முதல் ஆசை அடுத்த ஆசையைக் கூட்டிக்கொண்டு வரும்.

கிருஷ்ணகிரி பொறியாளர்

கூரை பற்றி மேஸ்திரி சொன்னது பொறியியல் முறையிலும் சரி. லாரி பேக்கர் கேரளத்தில் காட்டிய ஃபில்லர் ஸ்லாப், தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பழைய ஓடுகளை வைத்து வார்ப்பது, சூட்டையும் செலவையும் கொஞ்சம் குறைக்கும். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டும் எலிப்பொறிக் கட்டு சுவரில் செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும், உள்ளே காற்று இடைவெளி இருப்பதால் சுவரும் சூடேறாது. ஆனால் இங்கே அதைச் சுத்தமாகக் கட்டத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது கடினம், செங்கல்லும் ஒரே அளவில் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் மொட்டைமாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸோ வெள்ளைப் பூச்சோ போடுங்கள்.

பில்லர் (கான்கிரீட் தூண்) பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது தரைத்தள வீட்டுக்குக்கூடப் பில்லர் போட்டே ஆக வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல சரளை மண்ணில், 9 அங்குலச் செங்கல் சுவர் தாங்கும் கட்டுமானத்தில் தரையும் ஒரு மாடியும் தாராளமாக நிற்கும். மண்ணைப் பார்த்து இன்ஜினியர் முடிவு செய்யட்டும், பக்கத்து வீட்டைப் பார்த்து வேண்டாம்.

அனுமதிக்கும் அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது.

அரூர் ஆசிரியர்

விற்க முடியாது என்று பயமுறுத்துகிறார்களே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நல்லம்பள்ளித் தம்பி விற்பதற்காகவா கட்டுகிறார்? பாட்டன் பூமி. விற்பனை மதிப்பை நினைத்துக்கொண்டு வாழாத அறைக்கு 20 வருடம் வட்டி கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வங்கிப் பணியாளர்

அதில் பாதி உண்மை இருக்கிறது ஐயா. சிறிய வீட்டை விற்க நாள் ஆகலாம். ஆனால் காலப்போக்கில் மதிப்பு ஏறுவது பெரும்பாலும் மனைக்குத்தான், கட்டடம் வருடா வருடம் தேய்மானம் ஆகும். மதிப்பீட்டுக்கு வருபவர் பால்ஸ் சீலிங்குக்கு நீங்கள் போட்ட பணத்தை அப்படியே எழுத மாட்டார்.

படிப்படியாகக் கட்டும் வழி வங்கியிலும் முழுக்க அடைபடவில்லை. முதல் கடனை ஒழுங்காகக் கட்டி வந்தால் சில வருடங்கள் கழித்து வீட்டை விரிவாக்கத் தனிக் கடன் கிடைக்கும். அதற்கும் அனுமதி பெற்ற வரைபடம் வேண்டும். ஆனால் முதல் கட்டம் தன்னளவில் முழு வீடாக இருக்க வேண்டும், சமையலறை, கழிப்பறையோடு. பாதியில் நிற்கும் கட்டடத்துக்குக் கிடைக்காது.

ஓசூர் வாடகைக் குடும்பம்

எங்களுக்கும் இந்த வழி ஊரில் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. ஊத்தங்கரையில் அப்பாவுக்கு இடம் கொஞ்சம் இருக்கிறது. ஓர் அறை, சமையல்கட்டு, கழிப்பறை, 350 சதுர அடிக்குக் கட்ட ஆள் கிடைப்பார்களா?

பென்னாகரம் மேஸ்திரி

கிடைப்பார்கள். ஒப்பந்ததாரரிடம் போகாமல் லேபர் கான்ட்ராக்ட்டில் ஒரு மேஸ்திரியைப் பிடியுங்கள், பொருளை நீங்கள் வாங்கிப் போடுங்கள். ஆனால் நீங்களோ அப்பாவோ தினமும் நின்று பார்க்க வேண்டும். ஓசூரிலிருந்துகொண்டு செய்ய முடியாது.

நல்லம்பள்ளிக்காரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சுதான். இப்படி முடிவு செய்திருக்கிறோம். இப்போது 700 சதுர அடி. ஹால், ஒரு பெரிய அறை, ஒரு சிறிய அறை, 9க்கு 11 சமையலறை, கழிப்பறையும் குளியலறையும் தனித்தனியாக, இரண்டும் வீட்டுக்குள்ளேயே. மாடிப்படி வெளியில். போர்டிகோ இல்லை, முன்னால் அம்மா உட்கார ஒரு திண்ணை மட்டும். மகள் பெரியவளாகும்போது கிழக்குப் பக்கம் ஓர் அறை சேர்க்க வேண்டும், அதற்கு இடம் விட்டிருக்கிறோம். அம்மாவுக்குக் கொஞ்சம் மனக்குறை, "ஊர் என்ன சொல்லும்" என்கிறார். தவணை 17 ஆயிரத்துக்கும் 9 ஆயிரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மனைவிதான் எடுத்துச் சொன்னாள்.

மேஸ்திரி அண்ணா, பிற்பாடு அறை சேர்க்கும்போது சுவர் விரிசல் விடாமல் இருக்க இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?

பென்னாகரம் மேஸ்திரி

தம்பி, அந்தக் கிழக்கு அறைக்கும் கடக்கால் இப்போதே சேர்த்துப் போட்டுவிடுங்கள், பேஸ்மென்ட் (வீட்டின் தரை) மட்டத்தோடு நிறுத்திவிடலாம். 110 சதுர அடி அறைக்கு ஐம்பது, அறுபதாயிரத்துக்குள் முடியும். பத்து வருடம் கழித்துத் தனியாகத் தோண்டினால் புதுசு மட்டும் அமுங்கும், பழைய சுவரோடு சேரும் இடத்தில் வாய் பிளக்கும். அதுவரை அந்த மேடையில் சிமென்ட் போட்டு அம்மா மிளகாய் காய வைக்கட்டும்.

புது அறைக்கு வாசல் வரப்போகும் இடத்தில் இப்போதே லிண்டல் போட்டுவிட்டு, கீழே செங்கல்லை இரண்டு பக்கச் சுவரோடும் பின்னாமல் நேர் ஜாயின்ட்டில் அடைத்துவிடச் சொல்லுங்கள். அப்போது சுத்தியல் வைத்தால் அந்தத் துண்டு மட்டும் கழன்று வரும், மற்ற சுவர் அதிராது. அந்தப் பக்கம் சுவரில் ஒரு எலக்ட்ரிக் பைப் காலியாக விட்டு மூடி வையுங்கள். மாடி எப்போதாவது வரும் என்றால் கீழே கழிப்பறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே மாடிக் கழிப்பறை வருகிற மாதிரி வரைபடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி பொறியாளர்

மேஸ்திரி சொன்னதோடு ஒன்று. தரையும் மாடியும் தாங்கும்படி அடித்தளத்தைக் கணக்கிடச் சொல்லிக் கட்டுமான வரைபடத்தில் எழுதி வாங்குங்கள். கூரைத் தளத்தின் கம்பி விவரமும் அதில் இருக்கட்டும். அறை சேர்க்கும் காலத்தில் இன்று கட்டியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் போகலாம், அந்தத் தாள்தான் வரப்போகும் இன்ஜினியரிடம் பேசும். கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டியிருப்பதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லம்பள்ளிக்காரன்

கிழக்கு அறைக்குக் கடக்கால் சேர்த்தே போடச் சொல்லிவிட்டேன். மார்க்கிங் போடும் அன்று கயிறு பிடிக்க நீங்கள் வர முடியுமா அண்ணா? கூலி பேசிக்கொள்ளலாம்.

பென்னாகரம் மேஸ்திரி

அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். தனிச்செய்தியில் எண் அனுப்புங்கள். சுண்ணாம்புத் தூள் ஒரு பையும் நாலு முளைக்குச்சியும் வாங்கி வையுங்கள், காலையில் வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம்.